அம்மை ஒழிந்த பிறகு

1980 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம், அந்தச் சுற்றறிக்கை வந்தது. மூன்று பக்கம், சைக்ளோஸ்டைல் செய்தது. மை ஊறி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இனி அம்மை குத்துபவர், மலேரியாக்காரர், பிரசவ நர்ஸ் என்று தனித்தனி ஆட்கள் கிடையாது. எல்லாரும் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர்கள். ஆளுக்கு ஒரு பகுதி. அந்தப் பகுதியில் காய்ச்சல் பார்ப்பது, ஊசி போடுவது, பிறப்பு இறப்பு எழுதுவது, கிணற்றுக்கு மருந்து போடுவது எல்லாம் அந்த ஒருவர் பொறுப்பு என்று அது சொன்னது.

ஏரிக்கரைச் சுகாதார நிலையத்து டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு சூசையம்மாளிடம் கொடுத்தார்.

"உங்க ஆளுங்க அஞ்சு பேருக்கும் ஒவ்வொரு காப்பி தபால்ல அனுப்பிடுங்க."

"தபால்ல போட்டா காயிதம் போய்ச் சேந்துடும் டாக்டர். அத்தப் படிச்சிட்டு அவங்க இன்னா நெனச்சிக்கினாங்கன்றது நமக்குத் திரும்பி வராது. நானே போய்ட்டு வரேன்."

"அஞ்சு குப்பத்துக்குமா? நாலு நாள் ஆகுமே."

"ஆவட்டும்."

சூசையம்மாளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அப்பா பழவேற்காட்டில் சிப்பி சுடும் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவர். கன்னிமார் மடத்துப் பள்ளியில் படித்து, மெட்ராஸில் நர்ஸ் பயிற்சி முடித்து, இருபது வருடம் பிரசவம் பார்த்து, நர்ஸ்களை மேற்பார்க்கும் ஹெல்த் விசிட்டர் ஆனவர். ஆண் ஊழியர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் மாற்றலாகிப் போய் ஒன்பது மாதமாக அந்த இடம் காலி. அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி சூசையம்மாளிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை சொல்லி நாம் கேட்பதா என்று ஆண் ஊழியர்கள் ஒன்றிரண்டு பேர் பேசியது அவர் காதுக்கும் வந்திருந்தது.

ஊழியர்கள் ஐந்து பேரும் பழவேற்காடு ஏரியைச் சுற்றி ஆளுக்கொரு குப்பத்தில் இருந்தார்கள். சில ஊர்களுக்குப் படகில்தான் போக முடியும். மாதத்தில் ஒருநாள் சம்பளத்துக்கும் கூட்டத்துக்கும் நிலையத்துக்கு வருவார்கள். மற்ற இருபத்தொன்பது நாளும் அவரவர் தனி.

கலந்தருடைய படகில் சூசையம்மாள் கிளம்பினார். கலந்தர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். பாய்மரப் படகில் ஆள், மூட்டை, மண்ணெண்ணெய் டின் எல்லாம் ஏற்றிக் குப்பம் குப்பமாகப் போய் வருபவர்.

முதல் குப்பத்தில் படகு தட்டுவதற்குள் தனசேகர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து நின்றான். மலேரியா ஊழியன். முப்பத்து நாலு வயது, வாயாடி.

"சிஸ்டர், வேலைய வுட்டுத் தூக்கப் போறாங்களாமே?"

"யார் சொன்னது?"

"ஆரம்பாக்கம் ஸ்டேஷன்ல பேசிக்கினாங்க. பரீச்சை வைப்பாங்களாம். பெயிலானா வூட்டுக்குப் போவ வேண்டியதுதானாம். அம்பது வயசு தாண்டினவங்களுக்குப் பரீச்சைகூடக் கெடையாதாம், நேரா வூட்டுக்குத்தானாம்."

காகிதம் வரும் முன்பே வதந்தி ஊர் சுற்றிவிட்டது. சூசையம்மாள் கரையில் கவிழ்த்திருந்த தோணியின் மேல் உட்கார்ந்து சுற்றறிக்கையை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தார். ஒரு வரியைக்கூட விடவில்லை.

"வேலை போவாதுனு நாலாவது பாராவுல எழுதிக்கிறாங்க. நீயே பாரு. ஆறு வாரம் பயிற்சி உண்டு. அப்புறம் பரீச்சையும் உண்டு. பெயிலானா இன்னா ஆவும்னு இதுல இல்ல. எனக்கும் தெரியாது. ஊர் மாத்துவாங்களானும் தெரியாது. தெரியவந்த அன்னிக்கே வந்து சொல்றேன்."

"நான் வெரல்ல குத்தி ரத்தம் எடுக்கிறவன் சிஸ்டர். நாளைக்கு ஒரு வூட்டுப் பொம்பளையாண்ட போயி எத்தினி மாசம்னு கேட்டா படகு கழியாலயே அடிப்பானுங்க."

"ரெண்டாம் பக்கத்தப் படி. பொம்பளைங்க சங்கதி நர்ஸ் மேரிக்கு. ஒனக்கில்ல."

தனசேகர் படித்தான். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தான்.

மேரி வேறு மாதிரி. இருபத்தாறு வயது. அடுத்த தீவுக் குப்பத்தில் ஓலைக் கூரை துணைநிலையத்தில் தனியாக இருந்தாள். சுற்றறிக்கை முழுவதையும் கேட்டுவிட்டு, "வேலை ஜாஸ்தியானாகூடப் பரவால்ல சிஸ்டர். நான் செய்றது சரியா தப்பானு சொல்ல இங்க ஒர்த்தருமே இல்ல. அதான் பயமாகீது" என்றாள். சூசையம்மாள் அதைத் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

கடைசியாகப் பார்த்தவர் வீரராகவன். ஐம்பத்தொரு வயது. இருபத்து நான்கு வருடமாக அம்மை குத்துபவர். ஏரியைச் சுற்றி எந்தக் கையைத் திருப்பினாலும் தெரியும் வட்டத் தழும்பில் பாதி அவர் போட்டது. நாட்டில் அம்மை ஒழிந்து ஐந்து வருடமாகிவிட்டது. அதற்குப் பிறகு காலரா ஊசி, திருவிழாக் கூட்டம் என்று ஏதாவது ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். சூசையம்மாள் படித்து முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எதாச்சும் கேக்கணுமாண்ணே?"

"இன்னா கேக்கறது? சரிங்க சிஸ்டர். செஞ்சிட்டா போச்சு."

ஐந்து பேரில் இவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருந்தார் சூசையம்மாள். இவ்வளவு சுலபமாக முடிந்ததில் நிம்மதியாகப் படகு ஏறினார். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

நிலையத்துக்குத் திரும்பியதும் டாக்டரிடம் ஒரு அனுமதி கேட்டு வாங்கினார். மாதத்துக்கு ஒரு கூட்டம் போதாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, தோணிரேவுப் பள்ளிக்கூடத்தில் காலியாகக் கிடக்கும் பின்னறையில் கூடுவது. எல்லாக் குப்பத்துப் படகும் மீன் இறக்க அந்தப் பக்கம் வரும். யாருக்கும் தனியாகப் படகு பிடிக்க வேண்டியதில்லை. அறிக்கை வாசிப்பதெல்லாம் நிலையத்தில் வைத்துக்கொள்ளலாம். தோணிரேவில் கற்றுக்கொள்வது, கற்றுக்கொடுப்பது, குறை சொல்வது மட்டும்.

முதல் வியாழக்கிழமை ஐந்து பேரும் சுவரோரம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அம்மைக்காரருக்கு மலேரியாக்காரன் மேல் இளக்காரம். மலேரியாக்காரனுக்கு நர்ஸ் மேல் எரிச்சல். சூசையம்மாள் நடுவில் பாயைப் போட்டு உட்கார்ந்து தனசேகரிடம் கையை நீட்டினார்.

"இருபது வருஷத்துல ஆயிரம் கொழந்தைக்கு மேல எடுத்துட்டேன். ரத்தத் தடவல் ஒண்ணுகூட எடுத்ததில்ல. சொல்லிக் குடு."

தனசேகர் திகைத்துப் போனான். அப்புறம் ஊசியை எடுத்தான். விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு கெட்டியாகவும் ஒரு சொட்டு மெல்லிசாகவும் தடவி, காய்ந்ததும் அதன் மேலேயே பென்சிலால் எண் எழுதிக் காட்டினான். அதே எண்ணை ரிஜிஸ்டரில் பெயருக்கு நேராக எழுத வேண்டும். சூசையம்மாள் செய்து பார்த்தபோது முதல் துண்டு சட்னி மாதிரி ஆயிற்று. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது துண்டில் ரத்தத்தைவிட ரேகை அதிகமாக இருந்தது.

"சிஸ்டருக்குப் பரீச்சை வெச்சா பெயிலு" என்றான் தனசேகர்.

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சூசையம்மாளும் சிரித்தார். அன்றைக்கு மத்தியானம் எல்லாரும் கொண்டுவந்த சோற்றை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு கூட்டம் நன்றாக நடந்தது. மேரி மற்றவர்களுக்குத் தடுப்பூசி மருந்தைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் விதம் சொன்னாள். வீரராகவன் வேறொன்று சொல்லிக்கொடுத்தார். ஒரு வீட்டுக்குள் எப்படிப் போவது. முதலில் யாரிடம் பேசுவது. ஆண்கள் ஏரிக்குப் போன நேரத்தில் வாசலிலேயே நின்றுகொள்வது. பயந்து ஓடும் பிள்ளையைத் துரத்தாமல் அதன் பாட்டனுக்கு முதலில் ஊசி போடுவது. எந்தக் குப்பத்தில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று ரிஜிஸ்டரைப் பார்க்காமலே சொன்னார். ரத்தத் தடவல் முறை வரும்போது மட்டும், "நான் வூட்ல பழகிக்கிறேன்" என்று எழுந்து பீடி குடிக்கப் போனார்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை சூசையம்மாள் வீரராகவனின் குப்பத்துக்குப் போனார். அங்கே ஆதிநாராயணன் என்ற மீனவர் வழிமறித்தார்.

"நர்ஸம்மா, இந்த மாத்திரை இன்னும் எத்தினி நாளைக்கு? வாயெல்லாம் கசப்பு. காபி குடிச்சாலும் கசக்குது."

"காய்ச்சல் இன்னும் வருதா?"

"எனக்குக் காய்ச்சல் எங்கம்மா வந்துது? என்னிக்கோ ஒருநாள் ஒடம்பு சூடா இருந்துது. அண்ணன் ரத்தம் எடுத்தாரு. மலேரியானு சொல்லி அஞ்சு நாளு மாத்திரை குடுத்தாரு. அண்ணன் சொல்றாரேனு முழுங்குறேன்."

சூசையம்மாள் நேரே வீரராகவனின் அறைக்குப் போய் ரிஜிஸ்டரைத் திறந்தார். எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு, மறுபடியும் எண்பத்தாறு, எண்பத்தொன்பது. முதல் எண்பத்தாறு ஆதிநாராயணன். இரண்டாவது எண்பத்தாறு, எண்பத்தெட்டாக இருந்திருக்க வேண்டியது, கஸ்தூரி. பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த சீட்டில், எண்பத்தாறில் மலேரியா உண்டு என்றும், ஒரு துண்டின் எண் விளங்கவில்லை, அதில் நோய் இல்லை என்றும் எழுதியிருந்தது. விளங்காத துண்டுதான் ஆதிநாராயணனுடையதாக இருக்க வேண்டும்.

"அண்ணே, இந்தக் கஸ்தூரி யாரு?"

வீரராகவன் அருகில் வந்தார். ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை, சூசையம்மாள் முகத்தைப் பார்த்தார்.

"கருப்பன் பொண்டாட்டி. எறா பொறுக்குற பொண்ணு. ஒருநாள் வுட்டு ஒருநாள் குளிர் காய்ச்சல்னு சொல்லிச்சு. இப்ப ஊர்ல இல்ல. முகத்துவாரத்தாண்ட கொட்டா போட்டு மீன் காய வெக்கப் போய்க்கிறாங்க. பத்து நாள் ஆவுது."

பத்து நாள். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு சூசையம்மாள் முன்னால் நடக்க, வீரராகவன் பின்னால் ஓடி வந்தார். கலந்தர் கரையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வலையை அப்படியே படகில் போட்டுப் பாயை ஏற்றினார்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் காற்று விழுந்துவிட்டது. பாய் தொங்கியது. கலந்தரும் வீரராகவனும் ஆளுக்கொரு கழியை ஊன்றித் தள்ளினார்கள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்ட பிறகும் வீரராகவன் கழியைக் கீழே வைக்கவில்லை.

முகத்துவாரத்து மணலில் நாலைந்து கொட்டாய்கள். கடைசிக் கொட்டாயில் கஸ்தூரி மூன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்கக் கிடந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண், நாற்பது மாதிரி இருந்தாள். கருப்பன் தலைமாட்டில் குந்தியிருந்தான். "பொன்னேரிக்கு இட்டுக்கினு போவலாம்னு பாத்தேன். படகு கெடைக்கல" என்றான்.

சூசையம்மாள் நாடியைப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. பெயர் கேட்டதற்குச் சொன்னாள். மாசமாக இருக்கிறாளா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி இல்லை என்றாள்.

"அண்ணே, பையில ரெண்டு பாட்டில் இருக்குது. மலேரியா மாத்திரை எதுன்னு பாத்து நாலு எடுங்க."

வீரராகவன் இரண்டு பாட்டிலையும் எடுத்தார். ஒன்றைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றதையும் அப்படியே பார்த்தார். பிறகு இரண்டையும் கலந்தரிடம் நீட்டினார். கலந்தர் வலை முடிவதற்காகக் காதில் நூல் கட்டி மாட்டியிருந்த மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

சூசையம்மாள் அதைப் பார்த்தார். கஸ்தூரியைத் தூக்கி உட்காரவைத்து மாத்திரையை விழுங்கவைத்தார். கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். அவளைப் படகில் படுக்கவைத்துக் கொட்டாயிலிருந்த ஓலைப்பாயை நிழலுக்குக் கட்டி, கருப்பனையும் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்பினார்கள். திரும்பும்போது கடல் காற்று ஏறியிருந்தது. பாதி வழியில் கஸ்தூரிக்கு வேர்த்துக் கொட்டியது. சாக்கைத் தள்ளிவிட்டுத் தூங்கிப் போனாள்.

"வேர்த்துட்டுது" என்றார் வீரராகவன்.

"எத்தினி நாளாண்ணே எழுத்துத் தெரியல?"

கஸ்தூரி தள்ளிவிட்ட சாக்கை வீரராகவன் எடுத்து மடித்தார்.

"ரெண்டு மூணு வருஷமா. அம்மை குத்துறதுக்குக் கண்ணு எதுக்கு சிஸ்டர், வெரலே பாத்துக்கும். இது வந்தப்புறம்தான்... இத்தினிக்கூண்டு கண்ணாடில நெம்பர் எழுதுன்றாங்க. எனக்கு எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. கண்ணு போச்சுனு சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கனு வாய மூடிக்கினேன். இந்தப் பொண்ணு செத்துருந்தா..."

சூசையம்மாள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"தூரத்துல நல்லா தெரியுதா?"

"அதோ அந்தப் படகு யாருதுன்னு சொல்வேன்."

"அப்ப கண்ணு எங்கியும் போவலண்ணே. இது வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வரும்."

சுக்கானைப் பிடித்திருந்த கலந்தர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "இந்தா, போட்டுப் பாரு. இத்த வெச்சிக்கினுதான் நான் வலைக்கண்ணு பாக்குறேன்."

வீரராகவன் நூலைக் காதில் சுற்றிக்கொண்டு மாத்திரைப் பாட்டிலை எடுத்தார். முதலில் எட்டப் பிடித்தார். மெதுவாகக் கிட்டே கொண்டுவந்தார். கம்பெனி பெயர், ஊர், தேதி, கீழே பொடி எழுத்தில் இருந்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார்.

"என் மேலயும் தப்பு இருக்குதுண்ணே" என்றார் சூசையம்மாள். "எல்லாரும் பத்துக் கேள்வி கேட்டப்ப நீங்க ஒண்ணுமே கேக்கல. சரின்னுட்டீங்க. எனக்கும் வேலை சுலுவா முடிஞ்சிதுனு வந்துட்டேன்."

கஸ்தூரி நிலையத்தில் ஐந்து நாள் இருந்தாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. நாலாம் நாள் வறுத்த நெத்திலி வேண்டும் என்று கருப்பனை விரட்டினாள். ஆதிநாராயணனுக்கு மாத்திரையை நிறுத்தி, டாக்டர் கூப்பிட்டுச் சோதித்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்.

நடந்ததை சூசையம்மாள் மறைக்கவில்லை. எண் மாறியது, நோயாளிக்கு மருந்து பத்து நாள் தாமதமானது, இப்போது குணமாகிவிட்டாள் என்று எழுதி, மேற்பார்வையில் நேர்ந்த குறை என்று கீழே கையெழுத்துப் போட்டு டாக்டர் மேஜையில் வைத்தார்.

டாக்டர் படித்துவிட்டு, "நம்பர் மாத்தி எழுதினது யாரு? அந்த அம்மைக்காரரா?" என்றார்.

"என் ஆளு டாக்டர். வெள்ளெழுத்து, கண்ணாடி வாங்கியாச்சு. இனிமே நெம்பர இலக்கத்துலயும் எழுத்துலயும் எழுதணும், ரத்தம் எடுக்கிற எடத்துலயே வூட்டுக்காரங்க பேர இன்னொரு தபா கேக்கணும்னு அஞ்சு பேருக்கும் சொல்லிட்டேன். வியாழக்கிழமை ஒருத்தர் ரிஜிஸ்டர இன்னொருத்தர் பாப்பாங்க. என்னுத மேரி பாக்கும்."

டாக்டர் அந்தக் காகிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். "பரீச்சை அக்டோபர்ல. அவரால முடியுமா?"

"முடியும்."

சொல்லிவிட்டாரே தவிர, சூசையம்மாளுக்கு அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் கிடையாது. பயிற்சிக்கு ஐந்து பேரும் போனார்கள். பரீச்சை நடந்தது. வீரராகவன் எழுத்துத் தேர்வில் மூன்று கேள்வியை அப்படியே விட்டுவிட்டதாகத் தனசேகர் வந்து சொன்னான். நவம்பரில் புயல் மழை பிடித்துக்கொண்டது. படகு ஓடவில்லை, தபால் வரவில்லை. இரண்டு வியாழக்கிழமை கூட்டமே இல்லாமல் போயிற்று.

டிசம்பர் முதல் வாரம் மழை விட்டது. அந்த வியாழக்கிழமை பொன்னேரி பஸ்ஸில் வந்த உறையை எடுத்துக்கொண்டு சூசையம்மாள் தோணிரேவுக்கு வந்தார். உறையைப் பிரிக்கவில்லை. ஐந்து பேர் முன்னாலும் வைத்துப் பிரித்தார். முதலில் தானே ஒருமுறை மனசுக்குள் படித்தார். மேரி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு பேரும் பாஸ்" என்றார் சூசையம்மாள். "அஞ்சு பேருக்கும் புது உத்தியோகம் உறுதி. ஒருத்தருக்கும் ஊர் மாத்தம் இல்ல. அவங்கவங்க குப்பத்துலயே இருக்கலாம்."

தனசேகர் கைதட்டிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டான். மேரி காகிதத்தை வாங்கித் தன் பெயர் இருந்த வரியை விரலால் தடவினாள். அடுத்து வீரராகவன் வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி முழுதும் படித்தார். அப்புறம் திருப்பிக் கொடுத்து, "நீங்க ஒருதபா படிங்க சிஸ்டர்" என்றார்.

சூசையம்மாள் படித்தார்.

வீரராகவன் செருப்பை மாட்டிக்கொண்டார். "எனக்கு அரை நாள் லீவு வேணும். ஆரம்பாக்கம் போவணும்."

"இன்னா விசேஷம்?"

"என் பெரிய பொண்ண ஒரு எடத்துல கேட்டுக்கினு இருக்காங்க. மாப்ள பையன் அங்க ரயில்வேல கீறான். நல்ல எடம். எனக்கு வேலை நிக்குமா நிக்காதானே தெரியாதப்ப எந்த வாயால சரின்னு சொல்றது? எட்டு மாசமா இன்னிக்கி நாளைக்கினு இழுத்துக்கினு இருந்தேன். அவங்களும் பொறுமையா இருந்தாங்க. இன்னிக்கே போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்."

"இத்த எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேண்ணே."

"சொல்லிருந்தா நீங்களும் தூங்கிருக்க மாட்டீங்க" என்று சிரித்தார் வீரராகவன்.

ஆரம்பாக்கம் பக்கம் போகும் படகு ஒன்று புறப்படத் தயாராக இருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார். மற்ற நாலு பேரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். கல்யாணத்துக்கு எல்லாரும் வர வேண்டும் என்று படகில் ஏறி நின்று அவர் கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது.

சூசையம்மாள் உள்ளே வந்து பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். கூட்டத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் கண் சொருகியது. மேரி மற்றவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். ரிஜிஸ்டர்களை எடுத்துக்கொண்டு எல்லாரும் சத்தமில்லாமல் வெளியே வேப்பமர நிழலுக்குப் போனார்கள். சூசையம்மாள் ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினார்.